ஒரே பக்கம் பார்க்கும் மாங்காய்கள்

சுபாஷினி இறந்த அன்று, மாலை போட்டு வைக்க ஒரு படம் கிடைக்காமல் வீடே அல்லாடியது. படங்கள் இல்லாமல் இல்லை. உறவுக்காரர்கள் ஒவ்வொருவர் போனிலும் அவள் இருந்தாள். ஆனால் ஒன்றில் வாய் நிறைய கேக் வைத்திருந்தாள், ஒன்றில் யாருடைய குழந்தையையோ இடுப்பில் தூக்கியிருந்தாள், இன்னொன்றில் கண் மூடியிருந்தது. தனியாக, நேராக, கண் திறந்து இருக்கிற படம் ஒன்றுகூட இல்லை. நாற்பது வயதில் அப்படி ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ள யாருக்குத்தான் தோன்றும்? அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். பெரிதாக்கிப் பார்த்தால், போலீஸ் பிடித்து உட்கார வைத்தவள் மாதிரி இருந்தாள். கடைசியில் நாத்தனார் நவமணியின் போனில் ஒரு கல்யாண மண்டபத்தில் எடுத்த படம் அகப்பட்டது. பச்சைச் சேலை, தலையில் மல்லிகை, கொஞ்சம் சாய்ந்த முகம், சிரிப்பு வரப்போகிற உதடு. அதை டவுனில் ஒரு படக்கடையில் கொடுத்து, சுற்றி இருந்ததை நீக்கி, பின்னால் வெளிர் நீல வானம் போட்டு, சட்டம் அடித்துக் கொண்டுவந்தார்கள்.

ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் அவர்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில் அந்தப் படம் மாட்டப்பட்டது. மேலே பிளாஸ்டிக்கில் சந்தன நிற மாலை. கீழே சின்னப் பலகையில் ஒரு சிவப்பு மின்விளக்கு. சாயங்காலம் அந்த விளக்கைப் போடுவது மகள் பிரமிளாவின் வேலை. அப்போது அவளுக்குப் பதினைந்து வயது. இப்போது பதினேழு.

வீட்டில் இருப்பது இரண்டு பேர். பிரமிளா, அவளுடைய அப்பா மோகனராஜ். இரண்டு பேர் என்று சொல்வதுகூடக் கணக்குக்குத்தான். மோகனராஜுக்கு பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். காலையில் கம்பெனி பஸ் அவரைக் கீழே இறக்கிவிடும்போது மகள் பள்ளிக்குப் போயிருப்பாள். மதியம் அவள் திரும்பும்போது அவர் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவார். சாயங்காலம் அவர் எழுந்து குளித்துச் சட்டை மாட்டும் நேரத்தில் அவள் டியூஷனில் இருப்பாள். மனைவி போன பிறகு அவரே கேட்டு வாங்கிக்கொண்ட ஷிப்ட் அது. இரவில் அந்த வீட்டில் படுக்க முடியவில்லை என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அப்பாவும் மகளும் பேசிக்கொள்வது தட்டுகள் வழியாக. அவர் காலையில் வந்து சோறும் ஒரு குழம்பும் வைத்து, அவளுக்கு ஒரு தட்டில் போட்டு, இன்னொரு தட்டைக் கவிழ்த்து மூடி மேசையில் வைத்துவிட்டுத்தான் படுப்பார். அவள் சாப்பிட்டுவிட்டு, அவர் எடுத்துப் போகும் டப்பாவில் ஏதாவது நிரப்பி அதே இடத்தில் வைப்பாள். சண்டை இல்லை, கோபம் இல்லை. ஒரே அறையை மாற்றி மாற்றி வாடகைக்கு எடுத்த இரண்டு பேர் மாதிரி இருந்தார்கள்.

பள்ளியில் பிரமிளா கலைப் பாடம் எடுத்திருந்தாள். பதினாறு வயதில், படிவம் நான்கில் அதை எடுத்தபோது நவமணி அத்தை, படம் வரைஞ்சு என்னத்தைச் சாப்பிடப் போறே என்று கேட்டாள். வரைவதற்காக அவள் எடுக்கவில்லை. அவளுக்கு ஒரு கோடு நேராக வராது. சுஹானா டீச்சர் அந்தப் பாடத்தில் புகைப்படப் பிரிவு ஒன்றைத் தொடங்கியிருந்தார். மற்றவர்கள் பாத்தேக் சாயத் துணியும் களிமண்ணுமாக உட்கார்ந்திருக்க, ஒரு சிறிய கூட்டம் மட்டும் பள்ளியின் ஒரே நல்ல கேமராவை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு மைதானத்தில் திரியும். கேமரா கையில் இருந்தால் யாரும் வந்து பேச்சுக் கொடுக்க மாட்டார்கள், தனியாக நிற்பதற்கு ஒரு காரணம் இருக்கும். பிரமிளாவுக்கு அது போதுமாக இருந்தது.

ஐந்தாம் படிவத்தில் டீச்சர் ஆண்டு வேலையைச் சொன்னார். வீட்டில் இருக்கும் ஒருவரை எடுக்க வேண்டும். ஒரே ஒருவரை, ஒரு தொடராக. அதோடு ஒரு விதியும் வைத்தார். குறைந்தது ஒரு படத்திலாவது அந்த மனிதர், தன்னைப் படம் எடுக்கிறார்கள் என்று தெரிந்து, சம்மதித்து, கேமராவுக்கு முன்னால் இருக்க வேண்டும். திருட்டுத்தனமாக எடுப்பது சுலபம், ஒருவரை உங்கள் முன்னால் உட்கார வைப்பதுதான் கஷ்டம் என்றார். ஆண்டு முடிவில் மதிப்பெண்ணில் பெரும்பகுதி அதற்குத்தான். பள்ளி மண்டபத்தில் காட்சிக்கும் வைப்பார்கள்.

கூடப் படித்த ஹஸ்ருல் தன் தாத்தாவை எடுக்கப் போவதாகச் சொன்னான். ரொஸ்னா, சலூன் வைத்திருக்கும் தன் அம்மாவை. பிரமிளாவுக்கு யோசிக்க ஒன்றுமில்லை. வீட்டில் இருப்பது ஒருவர்தான்.

அந்த ஒருவர் இரண்டு வருடமாக எந்தப் படத்திலும் இல்லை. அம்மா போன பிறகு வந்த கல்யாணங்களிலும் தீபாவளிகளிலும் போனை யாராவது தூக்கினால் மோகனராஜ் மெல்ல நகர்ந்துவிடுவார். தண்ணீர் எடுக்கப் போவார், செருப்பைத் தேடுவார், குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே நடப்பார். அது தற்செயல் என்றுதான் பிரமிளா வெகுநாள் நினைத்திருந்தாள். டியூஷன் இல்லாத ஒரு சாயங்காலம் அவள் கேட்டபோது, அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டே, வேற யாரையாவது எடும்மா, நான் என்னத்துக்கு என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு இறங்கிப் போனார்.

அவள் விடவில்லை. முதலில் அவர் இல்லாமல் அவரை எடுக்கப் பார்த்தாள். வாசலில் கிடந்த பாதுகாப்புக் காலணி, கம்பியில் காயும் கம்பெனிச் சட்டை, மூடி வைத்த தட்டு. டீச்சர் அவற்றைக் கணினியில் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அழகாகத்தான் இருக்கிறது என்றார். அப்புறம், ஆள் எங்கே என்று கேட்டார்.

ஒரு மதியம் அறைக்கதவு சரியாகச் சாத்தாமல் இருந்தது. பிரமிளா கேமராவோடு வாசலில் நின்றாள். திரைச்சீலை வழியாக வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தது. மின்விசிறிக்குக் கீழே அவர் மல்லாந்து படுத்திருந்தார். வாய் கொஞ்சம் திறந்திருந்தது, இரண்டு கையும் நெஞ்சின் மேல். வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று மட்டும் நினைத்துக்கொண்டு அழுத்தினாள். பிறகு கூடத்துக்கு வந்து திரையில் பார்த்தாள். தூங்குகிற மனிதர் என்று அந்தப் படத்தில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை. உடனே அழித்தாள். திரும்பிப் போய், அவர் மூச்சு விடுவதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வந்தாள்.

அந்த வாரம்தான் டீச்சர் ஓரங்களைப் பற்றிப் பாடம் எடுத்தார். ஒரு படத்தில் எது உள்ளே இருக்கிறது என்பதைவிட எதை வெளியே விட்டிருக்கிறார்கள் என்று பார்க்கப் பழகுங்கள் என்றார். வீட்டில் மாட்டியிருக்கும் படம் ஒன்றின் நகலை எல்லாரும் கொண்டுவரச் சொன்னார். பிரமிளா வீட்டில் மாட்டியிருப்பதும் ஒன்றுதான். மாலை போட்ட படத்தைச் சுவரிலிருந்து இறக்கக் கூடாது. அதனால் நாற்காலியில் ஏறி, மாலையை ஒரு கையால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் போனில் எடுத்தாள்.

வகுப்பில் டீச்சர் அதைத் திரையில் பெரிதாகப் போட்டார். அம்மாவை அவ்வளவு பெரிதாகப் பார்த்ததில்லை. சுவர் முழுக்கப் பச்சைச் சேலை. டீச்சர் மெதுவான குரலில் வானத்தைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினார். பிரமிளா அதைக் கேட்கவில்லை. அவள் கண் அம்மாவின் இடது தோளில் நின்றுவிட்டது.

அம்மா டவுனில் ஒரு சேலைக்கடையில் வேலை பார்த்தவள். இந்தச் சேலை கடையிலிருந்தே எடுத்தது. உடம்பெல்லாம் சின்னச் சின்ன மாங்காய் புட்டா. ஒரு மாங்காய் இடப்பக்கம் பார்த்தால் அடுத்தது வலப்பக்கம் பார்க்கும், நெசவு அப்படி. சின்ன வயதில் பிரமிளா அம்மா மடியில் படுத்துக்கொண்டு, இது உன்னைப் பாக்குது, இது என்னைப் பாக்குது என்று விரல் வைத்து எண்ணியிருக்கிறாள். திரையில் இடது தோளில் மட்டும் மாங்காய்கள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்தன. ஒன்றையே நகல் எடுத்து ஒட்டி வைத்த மாதிரி.

அது ஹஸ்ருல் கண்ணுக்கும் பட்டுவிட்டது. தோளில் எதையோ மூடியிருக்கிறார்கள், கழுத்துப் பக்கம் பாருங்கள், விரல் நிழல் மாதிரி இருக்கிறது என்று மலாயில் சொன்னான். கண்டுபிடித்த உற்சாகத்தில்தான் சொன்னான். டீச்சர் சட்டென்று அடுத்த படத்துக்குப் போய்விட்டார். வகுப்பு முடிந்ததும் பிரமிளாவிடம் வந்து, மன்னிச்சிரும்மா, எனக்குத் தெரியாது என்று தமிழில் சொன்னார்.

பிரமிளாவுக்கு அதற்குள் எல்லாம் தெரிந்துவிட்டது. அந்தக் கல்யாண மண்டபத்தில் அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், இவள் பின்னால் நின்றாள். அம்மாவின் தோளில் இவள் கை வைத்திருந்தாள். சேலைக்குப் பொருத்தமாக அம்மா வாங்கிக் கொடுத்த பச்சைக் கண்ணாடி வளையல் போட்ட கை. இரண்டு வருடமாக அவள் தினமும் விளக்கேற்றிக் கும்பிட்ட படத்திலிருந்து அவளையே அழித்திருக்கிறார்கள்.

சனிக்கிழமை பாலிக் புலாவுக்குப் பஸ் ஏறினாள். மலையில் வளைந்து வளைந்து ஏறி இறங்குகிற வழி. ஜன்னலோரம் டுரியான் மரங்களுக்குக் கீழே, விழும் பழத்தைப் பிடிக்க வலை கட்டியிருந்தார்கள். அத்தை வீட்டு வாசலில் ஜாதிக்காய் காய்ந்துகொண்டிருந்தது. நவமணி அத்தை அவளைக் கண்டதும், தொரைக்கு இன்னைக்குத்தான் வழி தெரிஞ்சுதா என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் சோறு போட்டாள். மீன் குழம்பு, கங்கோங் கீரை. சாப்பிடுகிற வரை பிரமிளா ஒன்றும் கேட்கவில்லை.

அந்தக் கல்யாணப் படத்தின் அசலைக் கேட்டதும் அத்தை கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். அந்தப் போன் எப்போதோ தண்ணீரில் விழுந்து போய்விட்டது என்றாள். படமும் அதோடு போச்சு. கடைக்காரனிடம் இருந்தால் உண்டு.

"ஏன் அத்தை என் கைய அழிச்சீங்க?"

"உயிரோட இருக்கிறவ கை மாலைக்குள்ள இருக்கலாமா, சொல்லு. வெளக்கு வச்சுக் கும்புடற படம்லா அது. கூட ஒருத்தியையும் சேத்துக் கும்புடுவாங்களா?" அத்தை அவள் தட்டில் இன்னொரு மீனை வைத்தாள். "எனக்கு அப்ப இருந்த நெலமையில இதெல்லாம் தோணல. ஒங்கப்பாதான் கடைக்காரன் பக்கத்துலயே நின்னு அழிக்கச் சொன்னான்."

திரும்பி வரும் பஸ்ஸில் பிரமிளாவுக்கு அந்தக் கடைசி வாக்கியம் மட்டும் காதில் இருந்தது. மரங்கள், கடல், கடைவீதி எல்லாம் தன்பாட்டுக்குப் போயின. படத்தில் நிற்க மாட்டார், பக்கத்தில் உட்கார மாட்டார், அம்மா பக்கத்தில் இருந்த கையையும் எடுக்கச் சொல்லியிருக்கிறார். அப்பாவின் அறைக்கதவு எப்போதும் சாத்தியே இருப்பதற்கும் இதற்கும் அவள் ஒரு முடிச்சுப் போட்டாள். அந்த வீட்டில் தன்னைப் பார்க்கக்கூட அவருக்குப் பிடிக்கவில்லை என்று.

அந்தப் படத்துக்குச் சட்டம் அடித்த சிக்கந்தரின் படக்கடை கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்தது. பக்கத்து நாசி கண்டார் சோற்றுக்கடையின் குழம்பு வாசனை கண்ணாடிக் கதவைத் தாண்டி உள்ளே வரும். பாஸ்போர்ட் படம், சட்டம், நினைவஞ்சலி விளம்பரம் என்று பலகையில் எழுதியிருந்தது. பிரமிளா அம்மா பெயரைச் சொன்னாள். சிக்கந்தர் கணினியில் தேடினார். கல்யாணப் படங்களை வருடக்கணக்கில் வைத்திருக்க முடியாதாம், இறந்தவர்கள் படத்தை மட்டும் அழிக்க மாட்டாராம். வருடா வருடம் பேப்பரில் போட வருவார்களே என்றார். பிறகு, ஒங்க வீட்டுலேருந்து யாரும் வரலயே என்று சேர்த்துக்கொண்டார்.

"அப்பா வந்தாங்களா அண்ணே, அப்போ?"

"ரெண்டு வாட்டி வந்தாரு தங்கச்சி. மொத வாட்டி செஞ்சு கொடுத்தேன். மறுநாளே தூக்கிட்டு வந்துட்டாரு, வெரல் நெழல் தெரியுதுன்னு. இதுக்கு மேல எடுத்தா கழுத்து கெட்டுப்போயிரும்னேன். அப்பவும் போகல. அந்த நாற்காலியிலதான் உக்காந்திருந்தாரு, நான் முடிக்கிற வரைக்கும்."

அவர் அசல் படத்தைத் திறந்தார். பிரமிளா குனிந்து பார்த்தாள். அம்மா நாற்காலியில். பின்னால் மண்டபத்து விளக்குகள். தோளில் ஒரு கை. மருதாணி, பச்சை வளையல்கள், முழங்கை வரை. அதற்கு மேல் படம் முடிந்துவிட்டது. அத்தை அம்மாவை மட்டும் பார்த்து எடுத்திருக்கிறாள். பின்னால் நின்றவளின் முகம் ஓரத்துக்கு வெளியே.

அம்மாவோடு தானும் இருக்கிற படம் ஒன்று எங்கோ இருக்கிறது என்று நினைத்துக்கொண்டுதான் அவள் இவ்வளவு தூரம் வந்தாள். அப்படி ஒன்று இருக்கவே இல்லை. இருந்தது ஒரு கை. அது யாருடைய கை என்று இந்த உலகத்தில் யாராலும் அடித்துச் சொல்ல முடியாது, அவளைத் தவிர. அம்மாவின் தலை அந்தக் கையின் பக்கம்தான் சாய்ந்திருந்தது. கை போன பிறகு, சட்டத்துக்குள் அது வெறுமனே சாய்ந்த தலையாக இருந்தது.

சிக்கந்தர் அதைச் சின்னதாக அச்சடித்து ஒரு உறையில் போட்டுக் கொடுத்தார். பிரமிளா அதை வீட்டில் மேசையின் மேல், அப்பாவின் சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு டியூஷனுக்குப் போனாள்.

திரும்பி வந்தபோது டப்பா இல்லை. படம் அங்கேயே இருந்தது. கொஞ்சம் நகர்ந்திருந்தது, அவ்வளவுதான்.

மறுநாளும் மூடிய தட்டுக்குக் கீழே வழக்கமான சோறு. அதற்கு மறுநாள் அவருக்கு ஓய்வு. பிரமிளா பள்ளியிலிருந்து வந்தபோது அவர் தூங்காமல் சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தார். படம் அவர் முன்னால் இருந்தது. அவள் பையை இறக்காமலே கேட்டாள்.

"ஏம்பா அழிக்கச் சொன்னீங்க?"

அவர் படத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"மாலை போடற படம்லா அது. ஒன் கை அதுக்குள்ள இருந்துச்சுன்னா தெனம் நான் எப்படி அதைப் பாப்பேன்? அங்க போய்ச் சேந்த மாதிரி."

"அதுக்காகத்தான் ரெண்டு வாட்டி போனீங்களா?"

"நெழல் தெரிஞ்சுதும்மா."

பிரமிளா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். பை இன்னும் தோளில் இருந்தது. பஸ்ஸில் போட்ட முடிச்சு எங்கே அவிழ்ந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. இன்னொரு கேள்வி பாக்கி இருந்தது. நீங்கள் ஏன் எந்தப் படத்திலும் நிற்பதில்லை என்று கேட்டாள்.

அவர் சொல்லத் தொடங்கி நிறுத்தினார், மறுபடி தொடங்கினார். அன்றைக்கு எல்லாரும் போனைத் தூக்கிக்கொண்டு அம்மாவின் முகத்தைத் தேடினார்களே, அது அவர் மனதை விட்டுப் போகவில்லையாம். இது சரியா வரும், இது வராது என்று பேசிக்கொண்டார்களாம். அதற்குப் பிறகு யார் போனைத் தூக்கினாலும் அவருக்கு அதுதான் ஞாபகம் வருகிறதாம்.

"தனியா நின்னா அது எதுக்கு ஆவும்னு எனக்குத் தெரியும். ஒன்கூட நின்னா, நாளைக்கு மறுபடியும் ஒருத்தன் ஒன்னை வெட்டி எடுக்கணும். ரெண்டுமே வேணாம்னு இருந்துட்டேன்."

பிரமிளாவே எதிர்பாராமல் வாயில் வந்துவிட்டது.

"அப்போ ஒங்களுக்கு நான் என்ன பண்றது? அடையாள அட்டையப் பெருசாக்கவா?"

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். மோகனராஜ் தலையைத் தூக்கினார். அவர் முகத்தில் என்ன வருகிறது என்று அவளால் சொல்ல முடியவில்லை. பிறகு மூக்கு வழியாக ஒரு சிரிப்பு வந்தது.

"அதுல நான் மோட்டார் சைக்கிள் திருடுனவன் மாதிரி இருப்பேன்."

"அம்மா கூட அப்படித்தான் இருந்தாங்க."

"அவ அதுலயும் அழகுதான்லா," என்றார். அதோடு சிரிப்பு நின்றுவிட்டது. கொஞ்சம் கழித்து, "ஞாயித்துக்கெழமை எடுத்துக்க," என்று சொல்லிவிட்டு எழுந்து அறைக்குப் போனார். கதவைச் சாத்தவில்லை.

சுஹானா டீச்சர் தன் பொறுப்பில் பள்ளிக் கேமராவையும் முக்காலியையும் வார இறுதிக்குக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை காலை, இரவு ஷிப்ட் முடிந்து வந்தவர் படுக்காமல் முகம் மழித்து, குளித்து, வெளிர் நீலச் சட்டை போட்டு, நெற்றியில் திருநீறு வைத்துக்கொண்டு வந்தார். அந்தச் சட்டையின் மடிப்புகள் இன்னும் விறைப்பாக இருந்தன. சமையலறை ஜன்னலுக்குப் பக்கத்தில் வெளிச்சம் பக்கவாட்டில் விழும் இடத்தில் பிரமிளா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டிருந்தாள். அவர் அதில் உட்கார்ந்து, முழங்கால்களில் கைகளை வைத்துக்கொண்டு, அரசாங்க அலுவலகத்தில் அட்டை எடுக்க வந்தவர் மாதிரி கேமராவை முறைத்தார்.

"மூச்சு விடுங்கப்பா."

"விட்டுட்டுத்தான் இருக்கேன்."

அவள் காத்திருந்தாள். கீழே பாசாருக்குக் காய்கறி வாங்கப் போகிறவர்களின் மோட்டார் சத்தம் கேட்டது. எதிர் அடுக்குமாடியில் யாரோ பாய் தட்டினார்கள். கேமராக் கண்ணாடி வழியாக அவரை இவ்வளவு நேரம் தொடர்ந்து பார்த்தது இதுதான் முதல் தடவை. காதோரம் நரைத்திருந்தது அவளுக்குத் தெரியாது. கண்களுக்குக் கீழே தூக்கமில்லாத இரவுகள் பை கட்டியிருந்தன. போதுமா போதுமா என்று கேட்டுக்கொண்டிருந்தவர் ஒரு கட்டத்தில் கேட்பதை நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். மறுபடி அவளைப் பார்த்தார். கேமராவை இல்லை, அதற்கு மேலே, அவளை. அப்போது அழுத்தினாள்.

"காட்டு," என்றார்.

சின்னத் திரையைக் கையில் வாங்கி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அழகாக இருக்கிறதா என்று பார்க்கிறவர் அப்படிப் பார்ப்பதில்லை. கண் திறந்திருக்கிறதா, முகம் நேராக இருக்கிறதா, பக்கத்தில் யாரும் இல்லையா என்று பார்த்தார்.

"இது போதும். பத்திரமா வச்சிக்க."

எதற்குப் போதும் என்று அவள் கேட்கவில்லை. தான் எடுத்தது என்ன படம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்த நாள் வரும்போது யாரும் போன்களில் தேடி அல்லாட வேண்டியதில்லை. தேடுவதற்கு அவளைத் தவிர வேறு யாரும் வீட்டில் இருக்கவும் மாட்டார்கள்.

"இன்னொண்ணுப்பா. இது ஸ்கூலுக்கு."

அவர் எழப் போனவர் திரும்ப உட்கார்ந்தார். பிரமிளா கேமராவை முக்காலியில் மாட்டி, தானாக எடுக்கும் பொத்தானை அழுத்திவிட்டு, மேசையைச் சுற்றி ஓடி அவருக்குப் பின்னால் போய் நின்றாள். கேமராவில் சிவப்பு விளக்கு விட்டு விட்டு மின்னியது. அவள் அவருடைய இடது தோளில் கை வைத்தாள். சட்டைக்குக் கீழே எலும்பு தெரிந்தது.

"பிரமி, கைய எடு."

அவள் எடுக்கவில்லை.

"சொன்னா கேளும்மா."

சிவப்பு விளக்கு வேகமாக மின்னத் தொடங்கியது. அவர் முகத்தைத் திருப்பாமலே தன் வலது கையைத் தூக்கித் தோளுக்குக் கொண்டுவந்தார். கேமரா சத்தம் போட்டது. அவர் விரல்கள் அவள் விரல்கள் மேல் பட்டன. எடுத்துவிடத்தான் அந்தக் கை வந்தது. எடுத்தும்விட்டது. ஆனால் உடனே இல்லை.

பிறகு அவர் சட்டையைக் கழற்றி நாற்காலி முதுகில் மாட்டிவிட்டுப் படுக்கப் போனார். அன்று ராத்திரியும் ஷிப்ட் இருந்தது.

கடைசிப் படம் தொடரோடு சேர்ந்து பள்ளி மண்டபத்தில் வைக்கப்பட்டது. அதில் ஒரு மனிதர் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தோளில் பின்னால் நிற்கும் பெண்ணின் கை. அந்தக் கையை நோக்கிப் போகிற அவருடைய கை. பின்னால் அவள் முகம் முழுதாக, கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு. ஹஸ்ருல் அதன் முன்னால் நின்று, அவர் கையைத் தள்ளுகிறாரா பிடிக்கிறாரா என்று கேட்டான். பிரமிளா தெரியவில்லை என்றாள். டீச்சர் நல்ல மதிப்பெண் போட்டார். மோகனராஜ் காட்சிக்கு வரவில்லை, அது பகல் நேரம்.

தனியாக எடுத்த படத்தை அவள் யாருக்கும் காட்டவில்லை. கணினியில் ஒன்று, போனில் ஒன்று என்று இரண்டு இடத்தில் வைத்தாள்.

காட்சி முடிந்து கொண்டுவந்த படத்தை எங்கே வைப்பது என்று கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு கூடத்தில் நின்றாள். சுவரில் அம்மாவுக்குப் பக்கத்தில் இடம் இருந்தது. அங்கே மாட்ட முடியாது. கடைசியில் சமையலறைக் குளிர்பெட்டிக் கதவில், அடுப்புப் பக்கமாக, ஒரு காந்த வில்லையைக் கொண்டு ஒட்டினாள். சாயங்காலம் சிவப்பு விளக்கைப் போட்டபோது அம்மாவின் தோளைப் பார்த்தாள். மாங்காய்கள் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன.

மறுநாள் மதியம் பள்ளியிலிருந்து வந்தாள். மேசையில் தட்டு கவிழ்த்து மூடியிருந்தது. கத்திரிக்காய் வதக்கிய வாசனை. குளிர்பெட்டிக் கதவில் படம் இருந்த இடம் காலியாக இருந்தது. பிறகு பார்த்தாள். படம் கதவின் மறு ஓரத்துக்கு, அடுப்பின் எண்ணெய் தெறிக்காத பக்கத்துக்குப் போயிருந்தது. கீழ் மூலை மடங்காமல் இருக்க இன்னொரு காந்தம் வைத்திருந்தார்.

அறைக்கதவு பாதி திறந்திருந்தது. அவர் தூங்கிக்கொண்டிருந்தார். பிரமிளா தட்டைச் சத்தமில்லாமல் திறந்து சாப்பிட்டாள்.